திரைக்கு வராத முகூர்த்தம்

“படம் எங்கம்மா?” என்று மறுபடியும் கேட்டார் தனக்கோடி.

சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில், வெறும் திரைக்கு எதிரே, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலையில் திருவந்திபுரம் கோயிலில் மகள் ஜோதிலட்சுமிக்குத் தாலி ஏறியபோது அவரால் போக முடியவில்லை. தாரை வார்த்தது மச்சான் நடனசபாபதி. வரவேற்புக்குக் கூட்டம் வருமுன் அதைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

“வந்துடும் ஐயா,” என்றாள் வீடியோக்காரி ரோசி.

கோயிலில் எடுத்த வீடியோ கடலூர் ஸ்டூடியோவின் சர்வரில் இருந்தது. அங்கே ஏற்றியது தானாகவே ரோசியின் கிளைக்கடை லேப்டாப்புக்கு வந்து சேர வேண்டும். இன்று வரவில்லை. ‘அந்தப் பெயரில் இங்கே கணினி இல்லை’ என்றே கடலூரிலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

“போன்லயாவது அனுப்பச் சொல்லேன்.”

“பெரிய திரையில மங்கலாத் தெரியும் ஐயா. பொண்ணு யாரு, ஐயரு யாருன்னே தெரியாது.”

கடலூருக்குப் போன் போட்டாள்.

“மணிவண்ணன் அண்ணே, உங்க சர்வர் படுத்துடுச்சா?”

“நல்லாத்தான் ஓடுது. நேத்துதான் புது டிஸ்க் போட்டேன்.”

“இருங்க, பேருக்குப் பதிலா சர்வரோட ஐ.பி. நம்பரப் போட்டுப் பாக்கறேன்... பதில் வருது. அப்ப வழி சரியாத்தான் இருக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்ப மாட்டேங்குது. எதத் தொட்டீங்க?”

“பேர மாத்தினேன்.”

“எதுக்கு?”

“எங்க வீட்டுல மீன்பிடி போட்டுக்குப் புது இன்ஜின் வச்சா, பழைய பேரோட தண்ணியில எறக்க மாட்டாங்க. புதுப் பேர் எழுதி, தேங்கா ஒடச்சுத்தான் எறக்குவாங்க. டிஸ்க்கும் இன்ஜின் மாதிரிதானேன்னு...”

“தேங்காயும் ஒடச்சீங்களா?”

“வாசல்லதான்.”

“என்ன பேரு?”

“கடலரசி.”

“பேரு வச்சவரு எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?”

பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். இப்போது லேப்டாப்பே அந்தப் பெயரைத் தெரியாது என்றது.

“என் லேப்டாப்புக்குக் கடலரசியத் தெரியாதாம் அண்ணே.”

“அதுல ஹோஸ்ட்ஸ் ஃபைலப் பாரு. எந்தப் பேருக்கு எந்த நம்பருன்னு நாமதான எழுதி வச்சோம்? அதுல பழைய பேருதான இருக்கும்?”

இருந்தது. நம்பருக்குப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதினாள். கொஞ்ச நேரத்தில் வீடியோ வந்து இறங்கத் தொடங்கியது.

திரையில் மேளம் கேட்டதும் தனக்கோடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாசலில் கார் நின்றது. ஜோதிலட்சுமி மாலையோடு நேரே அவரிடம் வந்தாள்.

“அப்பா.”

“செத்த இரு ஜோதி,” என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இன்னும் தாலி கட்டல.”

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.