ரப்பர் மீனுக்கு ஒரு கதை

ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாக அஃப்தாப் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தான். வெறுங்கை என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. மூன்றாவது வாரம் ஒரு சிமெண்டுச் சாக்கு மாட்டியது. ஐந்தாவது வாரம் அவன் இருந்த படகின் நங்கூரக் கயிறே மாட்டியது. சங்கரா மீன் மட்டும் மாட்டவில்லை.

மற்ற ஆறு நாளும் அவன் தையற்காரன். தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் அவனுக்கும் மனைவி ரூஹிக்கும் கடை. ப்ளௌஸ் வெட்டுவதும் தைப்பதும் அவன் வேலை. சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஊக்கு கட்டுவது, நேற்றே தருவதாகச் சொன்ன துணியை இன்று கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் ரூஹி. அவன் தையலைப் பற்றி அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. துணி கிழிந்தாலும் கிழியும், அஃப்தாப் போட்ட தையல் பிரியாது. நூல் கொஞ்சம் தொய்ந்தால் போதும், அவன் விரல் தானாகப் போய் இழுத்துவிடும்.

மீன் பைத்தியம் வந்தது ஆக்லாந்திலிருந்து. அங்கே வேலைக்குப் போன மாமா மகன் இனாயத் வீடியோ வீடியோவாக அனுப்பினான். நம் சங்கராவைப் போலவே சிவந்த ஒரு மீனை அந்த ஊர்க்காரர்கள் இரையே இல்லாமல், ரப்பர் மீனைப் போட்டே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது. விரல் நீளத்தில், தொட்டால் வழுக்கிக்கொண்டு போகிற, வால் நடுங்குகிற ரப்பர் மீன்கள். தலையில் செருகுவதற்கு ஈயக் குண்டு வைத்த கொக்கிகள். பெட்டிக்குக் கண்ணாடி மூடி, உள்ளே இருபத்துநாலு அறைகள். அஃப்தாப் மீன்களைப் பார்த்தான். ரூஹி அறைகளைப் பார்த்தாள். ஊக்குக்கு நாலு, பிரஸ் பட்டனுக்கு ஆறு, மணிக்கு மிச்சம் என்று அவள் மனசுக்குள் அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டாள்.

கடலுக்குப் போக இடம் கொடுத்தவர் அம்மாசி. சாந்தோம் கரையில் அவருக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. போன மழைக்காலத்தில் அவருடைய தார்ப்பாய் கிழிந்தபோது அஃப்தாப் அதை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருந்தான். அந்த நன்றிக்குப் படகின் முன்பக்கத்து இடம் ஞாயிறுதோறும் அவனுக்கு என்று ஆனது. நன்றி ஏழு வாரம் தாங்கியது. ஏழாவது வாரம் கரையேறும்போது அம்மாசி அவன் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாய், தப்பா நெனைக்காத. வர்ற வாரம் ஒரு தபா வா. அன்னிக்கும் ஒண்ணும் மாட்டலன்னா அந்த எடத்த பெசன்ட் நகர்ல ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். அவரு கணவாத் துண்டு போட்டு இழுக்கற ஆளு. எனக்கும் படகு நெறையணும்ல."

நியாயமான பேச்சுதான். அதனால்தான் அஃப்தாபுக்கு அதிகமாக வலித்தது. வாரத்தில் ஆறு நாள் அவன் கண் ஊசியிலிருந்து ஒரு சாண் தூரத்தைத் தாண்டிப் போவதில்லை. தலை நிமிர்ந்தால் மாடிப்படியின் அடிப்பாகம். அதில் ஏறி இறங்குகிறவர்களின் செருப்புச் சத்தம். ஞாயிறு காலை அந்தப் படகின் முனையில் உட்கார்ந்தால்தான் கண் போகிற தூரத்துக்குப் போகலாம். இதை வெளியே சொன்னால் நன்றாக இருக்காது என்று மீனுக்காகப் போவதாகவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். இப்போது அந்த மீனே அவனைக் கைவிட்டுவிட்டது.

வீட்டில் ரூஹி விஷயத்தைக் கேட்டுவிட்டு இரக்கப்பட்டாள். இரக்கப்பட்ட கையோடு பந்தயமும் கட்டினாள். வருகிற ஞாயிறும் மீன் இல்லையென்றால் பெட்டி அவளுக்கு.

சனிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும் முன் அஃப்தாப் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தான். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்மில் ரப்பர் மீனை இறக்கினான், தூக்கினான், இறக்கினான். துணி உலர்த்த வந்த ரூஹி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மீன் புடிக்கிறீங்களா, கச்சாத் தையல் போடறீங்களா?"

வீடியோவில் காட்டுகிற மாதிரியேதான் செய்கிறேன் என்று அவன் சொன்னான். தூக்கிவிட்டு விட வேண்டும்; ரப்பர் மீன் உயிர் போகிற மீன் மாதிரி மெல்லத் தள்ளாடி இறங்க வேண்டும்; அது இறங்கும்போதுதான் சங்கரா வந்து கவ்வும். பாடம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். ரூஹி வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். மறுபடி வீடியோவைப் பார்த்தாள்.

"அந்தாளு தூக்கிட்டு நூல உட்டுட்டு வேற எங்கியோ பாத்துக்கினு கீறாரு. நீங்க தூக்கின ஒடனே இழுத்துடறீங்க. உங்க மீனு எறங்கவே இல்ல, அந்தரத்துல தொங்குது."

அவன் நம்பவில்லை. மறுபடி இறக்கினான். நூல் தொய்ந்தது. அவன் ஒன்றும் செய்யாமலே அவன் விரல் போய் அதை இழுத்துவிட்டது. இருவரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"ஃபால்ஸ் வேல உங்களுக்கு ஏன் குடுக்கறதில்லன்னு இப்ப புரியுதா?" என்றாள் ரூஹி. ஃபால்ஸுக்கு நூலை இழுத்தால் சேலை ஓரம் சுருங்கி நிற்கும். ஒவ்வொரு தையலுக்கும் நெல்மணி அளவு நூலை விட்டுவிட்டுப் போக வேண்டும். கலியாணமான புதிதில் அவன் ஒரே ஒரு பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்தான். அந்தச் சேலைக்காரி இன்றுவரை எதிர்க்கடைக்குத்தான் போகிறாள்.

இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரே ராத்திரியில் எப்படி விடுவது என்று அவன் கேட்டான். ரூஹி ஈரத் துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டபடி யோசித்தாள். ஃபால்ஸ் வைக்கும்போது அவள் கையைப் பார்ப்பதே இல்லை, யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். பேசுகிற ஆள் இழுக்க மாட்டாள். நீங்களும் மீனைக் கீழே விட்டுவிட்டு யாரிடமாவது ஏதாவது பேசுங்கள் என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, பந்தயத்தில் எதிராளிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

எட்டாவது ஞாயிறு விடியும்போது படகு பாறைத்தளம் இருக்கிற இடத்துக்கு வந்து நின்றது. பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழம். அம்மாசி நங்கூரம் போட்டார். அவருடைய மச்சான் செந்தில்குமார் கணவாயைத் துண்டு போட்டுக்கொண்டே, சென்னையில பிளாஸ்டிக்குத் தடைன்னு மீனுக்குக்கூடத் தெரிஞ்சிகீது, பாய்க்கு மட்டும் தெரியல என்று தொடங்கிவைத்தான். எட்டு வாரமாக அவனுக்கு அது அலுக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் அஃப்தாப் வாய் பேசாமல் முயன்றான். விரல் கேட்கவில்லை. ரப்பர் மீன் கீழே போவதும் அந்தரத்தில் நிற்பதுமாக இருந்தது. செந்தில்குமார் அதற்குள் நாலு மீன் தூக்கிவிட்டான். வெயில் முதுகைத் தொட்டபோது அஃப்தாபுக்குப் பெசன்ட் நகர்க்காரர் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே ஒரு தோற்றம் வந்தது. தொப்பி போட்டிருந்தார், வசதியாகச் சாய்ந்திருந்தார். இனி வெட்கப்பட நேரமில்லை. ரப்பர் மீனை வீசிவிட்டு, செந்தில்குமார் பக்கம் திரும்பி, வாயில் வந்ததைப் பேசத் தொடங்கினான். வாயில் வந்தது தன் கலியாணக் கதை.

ஆறு வருஷத்துக்கு முன் வலீமா விருந்துக்கு மணப்பெண் போட வேண்டிய ப்ளௌஸை அவனே தைப்பதாக ஏற்பாடு. பெண் வீட்டிலிருந்து அளவு ப்ளௌஸ் ஒன்று வந்தது. முகத்தைக்கூட இரண்டே முறை பார்த்திருந்த பெண்ணின் ப்ளௌஸ். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் தைத்தான். எந்தக் காலத்திலும் ஒரு தையல்கூடப் பிரியக் கூடாது என்று ஒவ்வொரு நூலையும் உயிரைக் கொடுத்து இழுத்தான். இங்கே தூண்டிலைத் தூக்கி விட்டான், பேச்சு நிற்கவில்லை. வலீமா அன்று பொண்ணு மேடையில் வந்து நின்றாள். சொந்தக்காரப் பெண்கள் கட்டிப் பிடிக்க வந்தால் கையைத் தூக்கவில்லை. பெரியவர்களுக்கு சலாம் சொல்லக் கையைத் தூக்கவில்லை. துணிக்கடை பொம்மை மாதிரி விறைத்து நின்றாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சபையில் ஒரு கிசுகிசுப்பு. அவனும் அப்படியே நினைத்து வியர்த்துப்போனான். அக்குளுக்குக் கீழே விறைத்து நின்ற தன் தையலைப் பிறகுதான் கவனித்தான்.

செந்தில்குமார் தன் தூண்டிலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாசிகூட எஞ்சின் மேலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார்.

"ஆனா பிரியாணி போடற நேரத்துல சிரிச்சிக்கினு வந்தா, ணா. எல்லாரையும் கட்டிப் புடிச்சா. எங்க அம்மாவுக்குக் குனிஞ்சி தண்ணி ஊத்தினா."

"அதெப்டி பாய்? ப்ளௌஸ் அதானே? அப்பால எப்டி கை தூக்கிச்சு?" என்றான் செந்தில்குமார்.

அஃப்தாப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நூல், யாரும் தொடாமலே, பக்கவாட்டில் நகர்ந்தது. கழி வளைந்தது. அதற்கு மேல் யார் என்ன சொன்னார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. இழு, விடு, இழுக்காத என்று மூன்று குரல் கேட்டது, அதில் ஒன்று அவனுடையது. முதலில் தண்ணீருக்குள் ஒரு சிவப்பு நிழல் புரண்டது. பிறகு அது மீனாகி மேலே வந்தது. வாயோரத்தில் ரப்பர் மீனின் வால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. சங்கரா.

பெரிய மீன் இல்லை. செந்தில்குமார் பிடித்தவற்றில் இரண்டு இதைவிடப் பெரியவை. ஆனாலும் அம்மாசி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். கையைக் கழுவினார்.

"செரி, சொல்லு. கை எப்டி தூக்கிச்சு?"

"தெரியாது, ணா. நான் கேட்டதே இல்ல."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

அம்மாசி செந்தில்குமாரைப் பார்த்தார். கதை பாதியில் நின்றது இருவருக்கும் தாங்கவில்லை.

"அப்ப கேட்டுக்கினு வா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து சொல்லு."

அஃப்தாப் மெதுவாக, அந்த பெசன்ட் நகர்க்காரர் என்று இழுத்தான்.

"அவரு நல்லா மீன் புடிப்பாரு," என்றார் அம்மாசி. "ஆனா கெளம்பினதுலேர்ந்து கரையேறற வரைக்கும் வாயே தெறக்க மாட்டாரு. மனுசனுக்குப் பொழுது போவாணாமா?"

கரையில் மீன் வாங்கி விற்கிற தேவானை, அம்மாசியின் மனைவி, படகு மணலில் ஏறுவதற்குள் கதையை முழுசாகக் கறந்துவிட்டாள். தன் சேலைக்கெல்லாம் ரூஹியிடம்தான் ஃபால்ஸ் வைப்பாள். போன் நம்பர் இருந்தது. ஆகவே அஃப்தாப் மீனைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருமுனை திரும்பியபோது, ரூஹி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னா, பொம்ம மாதிரி நின்னேனா?"

அவன் பதிலுக்குப் பையை நீட்டினான். அவள் மீனைச் சமையல் மேடையில் போட்டு, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து வாலிலிருந்து வாய்வரை அளந்தாள்.

"பதினாலு. ப்ளௌஸ் ஒயரம்."

மேடையின் மறுகோடியில் அந்தக் கண்ணாடி மூடிப் பெட்டி இருந்தது. உள்ளே ஊக்குகளும் பட்டன்களும் அறை அறையாகக் குடியேறியிருந்தன. காலையில் அவன் நாலு ரப்பர் மீனை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியதுமே, மிச்சத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஜெயித்த நம்பிக்கையில் அடுக்கிவிட்டாள் போலிருக்கிறது. அவன் பார்ப்பதைப் பார்த்ததும் பெட்டியை அவன் பக்கம் தள்ளி, நீங்களே காலி பண்ணிக்கோங்க என்றாள். அவன் தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கி எடுத்தான். அவள் செதில் தேய்த்தாள்.

பிறகு அவன், அன்றைக்கு எப்படித்தான் கையைத் தூக்கினாய் என்று கேட்டான்.

ரூஹி திரும்பாமலே சொன்னாள். மண்டபத்துக் குளியலறையில் சித்தி மகளைக் கதவுக்குக் காவல் வைத்துவிட்டு, பக்கத் தையல் இரண்டையும் பிரித்தாள். பிரிக்க மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு கைப்பையில் இருந்த ஃபால்ஸ் நூலால் தொளதொளவென்று அவளே தைத்துக்கொண்டாள். முந்தானையில் மறைந்துவிட்டது. அந்தத் தையல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஈத் பண்டிகைக்கெல்லாம் அதைத்தான் போடுகிறாள்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"சொல்லியிருந்தா பிரிச்சி மறுபடி இழுத்துத் தச்சிருப்பீங்க."

அவன் கடைசி பட்டனை எடுத்துவிட்டுக் காலி அறையைத் துடைத்தான். ரப்பர் மீன்களைத் திரும்ப அடுக்கும்போது, இதைப் படகில் சொல்லலாமா, உனக்கு ஒன்றும் இல்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ரூஹி கத்தியைக் கழுவி வைத்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சொல்லுங்க. ஆனா நிதானமா சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கெழமயில முடிச்சிடாதீங்க."