சாவு பதிந்த ஊர்

நல்லரத்தினம் கொழும்பில் பட்டப் படிப்பு மாணவருக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியா சனத்தை வாரிக்கொண்டு போனபோது, மட்டக்களப்பு மரணப் பதிவுகளை வரவழைத்து ஊர் ஊராக அட்டவணை போட்டான். வாவிக்கரை நாவற்குடாவில் ஆயிரம் பேருக்கு அறுபத்திரண்டு சாவு. காட்டோரத்து உன்னிச்சையில் ஒன்பதுதான். வாவிக்கரை ஊருக்குத்தான் ஆபத்து என்று வகுப்பில் விளங்கப்படுத்தினான். அதை நம்பிக் கொயினா மாத்திரைகளும் நாவற்குடாவுக்கே வந்தன.

அதோடு நின்றிருக்கலாம். நாவற்குடாவிலிருந்த அக்கா கண்ணகைக்கும் கடிதம் போட்டான்: 'பிள்ளையை அத்தானோடு உன்னிச்சைக்கு அனுப்பிவிடு. அங்கே காய்ச்சல் குறைவு.' அங்கே வயல் செய்கிற அத்தான் கோணாமலை ஏதோ மறுத்துச் சொன்னான். படித்த தம்பியின் எழுத்துக்கு முன்னால் வயற்காரன் பேச்சு எடுபடவில்லை. ஏழு வயது சீதேவிப்பிள்ளை தகப்பனோடு வண்டிலேறினாள்.

விடுமுறைக்கு நல்லரத்தினம் அக்கா வீட்டில் வந்து இறங்கிய அன்று பின்னேரம், கோணாமலை மகளைப் பாயோடு தூக்கிக்கொண்டு வந்தான். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அங்க காய்ச்சல் குறைவெண்டுதானே பதிவில இருக்கு, அத்தான்?"

"வயல்வட்டை முழுக்கக் காய்ச்சல்தான். நான் அப்பயே சொன்னனான், ஆரும் கேக்கல்ல. கிடையில விழுந்தவன வண்டில்ல ஏத்திப் பொஞ்சாதி வீட்டுக்குக் கொண்டு வாற. வயலுக்குள்ள கிடந்து ஆர் சாவான்? எல்லாரும் இஞ்ச வந்துதான் சாகிற."

வயல் எங்கே இருந்தாலும் கலியாணம் முடித்தவனுக்கு வீடு பெண்சாதியின் ஊரில்தான்; மட்டக்களப்பில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சங்கதி அது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நல்லரத்தினம் இரண்டையும் தனியாளாய்ச் செய்து முடித்திருந்தான். வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாத்திரைக்குக் குறைவில்லை. கரைத்துக் கரைத்து ஊட்டினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டாள்.

மரணம் பதிகிறவர் கொப்பியோடு வந்தார். "செத்த இடம் நாவற்குடா" என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

"உன்னிச்சை எண்டு எழுதுங்க" என்றான் நல்லரத்தினம்.

"அதெப்படி தம்பி? உயிர் போன இடத்தத்தான் எழுத ஏலும்."

கண்ணகை தலையை நிமிர்த்தினாள்.

"அவர் எழுதட்டும் தம்பி. நீ வண்டிலக் கட்டு, உன்னிச்சைக்குப் போகவேணும். உன்ட கடிதத்த நான் தெருவெல்லாம் வாசிச்சுக் காட்டினனான். சனம் தங்கட பிள்ளையளையும் அங்க அனுப்பிப்போட்டுதுகள்."

"எத்தின பிள்ளையள் அக்கா?"

"பதினொண்டு."