இடது ஓரத்தில்

“எங்கம்மாவ வெட்டக் கூடாது சார். முழுப் படமும் வெப்சைட்ல வரணும்.”

அந்த அலுவலகத்துக்கு வெப்சைட் செய்ய வந்திருந்தாள் மகள். அதே அலுவலகத்தைப் பெருக்கிய அம்மா சாகும்வரை அவளிடம் சொன்னது ஒன்றுதான்: முதலாளியிடம் எதையும் கேட்டுவிடாதே. அம்மாவுக்கென்று இருந்த ஒரே படம், ஊழியர்கள் கூடி எடுத்த அந்தப் படம். ஓரத்தில் துடைப்பத்தோடு நின்றாள். முகம் பார்க்கும் ஏக்கத்தில் மகள் எத்தனை முறை பெரிதாக்கினாலும் படத்தின் மங்கலான புள்ளிக் கட்டங்கள்தான் பெரிதாயின.

“வெப்சைட் போட வந்தியா, குடும்ப ஆல்பம் போட வந்தியா?” முதலாளி தானே ஓரத்தை வெட்டி, படத்துக்குப் புதுப் பெயரும் வைத்தார். பழைய பெயரிலேயே படத்தைத் தேடிய வெப்சைட் பக்கத்தில், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்தது. படம் வராவிட்டால் தெரியட்டுமென்று அவள் எழுதிவைத்த வரி மட்டும் அதில் நின்றது: ‘இடது ஓரத்தில் என் அம்மா.’

“இத எப்படிம்மா எடுக்கிறது?” அந்த வரியைக் காட்டிக் கேட்டார் முதலாளி.

முழுப் படத்தைக் காலையிலேயே தன் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள்.

“கூட்டித் தள்ளிப் பாருங்க சார்,” என்று பையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.