அக்கா தூங்கிய எபிசோடுகள்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு இடம் கிடைக்கவில்லை. கன்னம் வீங்கிய இருவர், ஏதோ ஒரு விண்வெளித் தொடரின் பதினோராவது சீசன் தேறுமா தேறாதா என்று, வாயைத் திறக்க முடியாத நிலையிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதல் எபிசோடைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். மற்றவர் நடு எபிசோடுகளைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், இருவரும் ஒரே பத்திரிகையில் வந்த ஒரே விமர்சனத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். அதை எழுதிய மனிதர் எப்படி உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று யோசித்தேன். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மீதியெல்லாம் என் கற்பனை. அந்தத் தொடரில் ஒரு எபிசோடைக்கூட நான் பார்த்ததில்லை. (பார்க்காமல் தீர்ப்பு எழுதலாமா என்பதுதான் கதையே. அவசரப்படுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "விண்கலம் இருளைக் கிழித்துக்கொண்டு..." வேண்டாம். இருளை எத்தனை பேர்தான் கிழிப்பார்கள்.

இரண்டாவது: "விமர்சகரின் ஜன்னலுக்கு வெளியே மழை..." இதுவும் வேண்டாம். மழை பெய்தால் சுமாரான கதைகூட நல்ல கதைபோலத் தெரியும். அது கள்ளத்தனம்.

மூன்றாவது: விமர்சகர் சோபாவில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது இருக்கட்டும்.

3

நம் விமர்சகருக்கு ரசனை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த ரசனைமேல் நம்பிக்கை இல்லை. எதைப் பார்த்து முடித்தாலும், நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள அடுத்தவர் முகத்தைத் தேடுவார். முதல் சீசனுக்குப் பத்திரிகையில் விமர்சனம் கேட்டபோது கைகால் ஓடவில்லை. அந்த வாரம் தொடர் பார்க்க வந்திருந்த அக்கா, மூன்றாவது எபிசோடில் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். "மூன்றாவது எபிசோடில் உயிரில்லை" என்று எழுதினார். ஆசிரியர் அழைத்துப் பாராட்டினார். வாசகர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

வழி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அக்காதான் அளவுகோல். டீயைக் குடிக்க மறந்தாள் என்றால் அபாரம். கைபேசியை எடுத்தாள் என்றால் சுமார். கண் மூடினாள் என்றால் கதை முடிந்தது. பத்து சீசன் இப்படி ஓடியது. ஒரு தீர்ப்பும் பிசகவில்லை. அக்காவுக்கு இது தெரியாது.

அவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் தம்பி வீடு. அவ்வளவுதான். மாமாவுக்கு இதெல்லாம் ஆகாது. "தகர டப்பா பறக்கிறத பாக்க பஸ் பிடிச்சுப் போறா" என்பார். தம்பிக்கோ மனைவி மக்கள் இல்லை. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள அந்தத் தகர டப்பாவை விட்டால் வேறு விஷயமும் இல்லை. வெள்ளிக்கிழமை போனால் அக்காவே போன மாதிரிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி சொல்லமாட்டேன்.

4

பதினோராவது சீசன். முதல் மூன்று எபிசோடுகளில் டீ ஆறிப்போனது. நான்கிலிருந்து ஏழுவரை அக்கா தூங்கினாள். எட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

விமர்சகர் எழுதினார்: "அட்டகாசமாகத் தொடங்கும் சீசன் நடுவில் படுத்துவிடுகிறது. குறிப்பாக ஆறாவது எபிசோட், தூக்கம் வரவழைக்கும் நாற்பது நிமிடங்கள். நல்லவேளை, எட்டில் தொடர் விழித்துக்கொள்கிறது."

விழித்துக்கொண்டது தொடர் அல்ல. அக்கா வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில். நாலாவது எபிசோட் வந்த வாரம் அவளை விடியற்காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. சாயங்காலம் சோபாவில் சாய்ந்தால் உலகம் அழிந்தாலும் தெரியாது. எட்டாவது வந்த வாரம் அவள் விடுப்பில் இருந்தாள்.

5

விடுபட்ட எபிசோடுகளை அக்கா சாப்பாட்டு இடைவேளைகளில், கேன்டீனில் உட்கார்ந்து, கைபேசியில் பார்த்தாள். பிறகு பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு தம்பியை அழைத்தாள்.

"நீ ஆறாவது எபிசோட் பாத்தியாடா?"

"பாத்தேனே. உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"உக்காந்தது தெரியும். பாத்தியான்னு கேக்கிறேன். டாக்டரம்மாவும் அந்த ரோபோவும் செத்துப்போன கப்பல்ல மாட்டிக்கிறாங்க. கரண்ட மிச்சம் பிடிக்க ரோபோவோட ஞாபகத்த ஒண்ணொண்ணா அழிக்கிறா. கடைசியில அவளப் பத்தின ஞாபகம் மட்டும் மிச்சம் இருக்கு. அழுதுட்டேன்டா. பக்கத்துல இருந்தவ, வீட்ல யாருக்காவது ஏதாவதான்னு கேட்டா. நீ என்னடான்னா தூக்கம் வருதுன்னு எழுதியிருக்க. யாருக்குடா வந்துச்சு தூக்கம்?"

"உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் சொன்னார். டீ, கைபேசி, கண் இமை, பத்து சீசன்.

மறுமுனையில் துவைக்கும் இயந்திரங்களின் உறுமலுக்கு மேலே குரல் உயர்ந்தது.

"வேலை பாத்துட்டு அசந்து தூங்கினா, அதுக்கு அந்தக் கதைய எழுதினவன் என்னடா பாவம் பண்ணான்?" என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கிறோம்னு நெனச்சிட்டிருந்தேன். நான் மட்டும்தான் பாத்துட்டிருந்தேனா?"

தொடரை நினைத்துப் பார்த்தால் அவருக்கு அக்காவின் முகம்தான் வந்தது. எனக்கும்தான்.

"மொதல்ல அதப் பாரு. வெள்ளிக்கிழம வருவேனான்னு தெரியல."

6

விமர்சகர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தார். முதல் அதிர்ச்சி, விண்கலம் பச்சை நிறம். பத்து சீசனாகச் சாம்பல் என்று எழுதி வந்திருந்தார்.

அழத் தயாராகக் கைக்குட்டை வைத்திருந்தார். டாக்டர் ஞாபகங்களை அழித்தாள். ரோபோ அவளைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டது. வயலின்கள் கதறின. கைக்குட்டை மடித்தது மடித்தபடியே இருந்தது. மறுபடி பார்த்தார். அப்போதுதான் ஒரு வாக்கியம் தோன்றியது: "டாக்டர் அழுவதற்கு முன்பே இசை அழுதுவிடுகிறது."

யார் முகத்திலிருந்தும் எடுக்காத வாக்கியம். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. உடனே அக்காவை அழைக்கக் கைபேசியை எடுத்தவர், வைத்துவிட்டார். ஆறாவது எபிசோட் அவருக்கு உண்மையாகவே பிடிக்கவில்லை. பொய்யாக எழுதிய தீர்ப்பு மெய்யாகிவிட்டது. இதை அக்கா எந்த ஜென்மத்தில் நம்புவாள்?

[வேண்டுமென்றே முறுக்குகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம். அவருக்குப் பிடித்திருந்தால் அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்வார்கள், கதை இங்கேயே முடிந்திருக்கும். அதையும் எழுதினேன். அரைப் பக்கம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கிழித்துவிட்டேன்.]

7

முடிவு அ: பிடித்தது என்று பொய் சொல்கிறார். அக்கா வருகிறாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரால் ஆகாது; அவர் முகம் அப்படி.

முடிவு ஆ: அக்கா பெருந்தன்மையோடு மன்னிக்கிறாள். இந்த அக்காவை எனக்கே நம்பமுடியவில்லை. நாள் முழுக்கப் போர்வை இழுப்பவளிடம் பெருந்தன்மையும் எதிர்பார்ப்பது அநியாயம்.

முடிவு இ: அக்கா வரவில்லை. விமர்சகர் தனியாக டீயை... இல்லை. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

(என் தீர்ப்பு, இதுவரை: ஐந்தாம் பகுதி நன்று, நாலாவது தொய்வு, இந்த ஏழாவது வெறும் இழுவை. அடுத்தவன் சீசனைக் குறை சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது.)

8

வெள்ளிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பாத்தியா?"

"ரெண்டு தடவ."

"எப்படி?"

"பிடிக்கலக்கா."

"என்கிட்ட வீம்பா?"

"இல்ல. டாக்டர் அழறதுக்கு முன்னாடியே மியூசிக் அழுதுடுது. நான் அழ எடமே இல்ல."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். வீம்பைத் தேடினாள் போல. "அந்த மியூசிக்தான்டா அழவே வச்சுது" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். "சரி, போடு."

ஆனால் அவள் தன் இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, சோபாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள்.

"ஏன் அங்க?"

"திரும்பாத. முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு நீதான் மொதல்ல சொல்லணும். அப்புறம்தான் நான் வாயத் திறப்பேன்."

ஒன்பதாவது எபிசோட் தொடங்கியது. பச்சை விண்கலம் ஏதோ ஒரு கிரகத்தை நெருங்கியது. விமர்சகருக்குக் கழுத்து அரித்தது. பின்னால் சத்தமே இல்லை. ஒருமுறை நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா முன்னால் நகர்ந்தாளா, தூக்கத்தில் சரிந்தாளா, எழுந்து பஸ்ஸுக்கே போய்விட்டாளா?

எனக்கும் தெரியாது. நானும் சோபாவில் அவர் பக்கத்தில்தான் இருக்கிறேன். திரும்பாதே என்று அக்கா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். நீங்கள் அவளுக்கும் பின்னால் இருக்கிறீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தன் முதல் வரியை எழுதும்வரை மட்டும், தயவுசெய்து, அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.