மறுகரையில் இருந்தவன்

கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்புக்கு மாற்றலாகி வந்த புதிதில், 1993இல், வீரராகவன் தன் மனைவி வசுமதியை ஒரு வங்காள இசை நாடகத்துக்கு அழைத்துப் போனார். இருவருக்கும் அப்போது வங்காள மொழி அரைகுறை. நாடகத்தில், உப்பு ஏற்றிப்போன படகுக்காரன் திரும்பவில்லை. அவன் மனைவி தினமும் ஆற்றங்கரையில் நின்று பாடியே அவனைக் கூப்பிடுகிறாள். வசுமதி அழுது தீர்த்தாள். வீரராகவனுக்கு மெட்டு பிடித்துவிட்டது. தெரியாத வார்த்தைகளை விழுங்கிவிட்டு, சவரம் செய்யும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் பாடுவார். அந்தக் குழு கல்கத்தாவில் எங்கே மேடை போட்டாலும் இருவரும் போனார்கள். சில வருடங்களில் குழு கலைந்துவிட்டது.

ஓய்வு பெற்று டாலிகஞ்சுக்குக் குடிவந்த மறுவருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. யார் எது சொன்னாலும் புரிந்தது, வாயில் மட்டும் "ப... ப..." என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

வசுமதி விடவில்லை. தினமும் காலையில் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"எங்கே, சொல்லுங்கோ. வசு. என் பேர்தானே? வ... சு..."

அவர் நெற்றி நரம்பு புடைக்கும். கண்ணில் நீர் முட்டும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பாள் அவள்.

2006 குளிர்காலத்தில் அந்த நாடகத்தைப் புதிய ஆட்கள் மறுபடி மேடையேற்றினார்கள். மகள் பத்மஜா டிக்கெட்டோடு வந்தாள்.

"மா, அப்பாவோட பாட்டு! பேச்சு போனவாளுக்கும் சில சமயம் பாட்டு வரும்னு டாக்டர்பாபு சொன்னாரே!"

அரங்கத்தில் பாட்டு தொடங்கியதும் வசுமதி மேடையைப் பார்க்கவில்லை; கணவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. அவர் மேடையின் ஓர் ஓரத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். அவளும் அங்கே திரும்பினாள்.

மங்கிய வெளிச்சத்தில் படகுக்காரன் உட்கார்ந்திருந்தான். முன்பு பார்த்த எல்லா ஆட்டத்திலும் அவன் அங்கே இருந்திருக்க வேண்டும். பாடுகிறவளை விட்டு வசுமதியின் கண் ஒருநாளும் நகர்ந்ததில்லை. அவன் சாகவில்லை. மறுகரையில் இருக்கிறான். மனைவி கூப்பிடும்போதெல்லாம் எழுந்து வாயைத் திறக்கிறான். குரல் ஆற்றைத் தாண்டவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவள் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு அழைப்புக்கும் அவன் இன்னும் கொஞ்சம் குறுகிப்போகிறான்.

வீரராகவன் இடது கையைத் தூக்கி அவனைக் காட்டினார். பிறகு தன் மார்பைத் தொட்டார்.

வசுமதி அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கூப்பிடக் கூப்பிட இப்படித்தான் இருந்துதா உங்களுக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். பத்மஜா ஆவலோடு குனிந்து, "அப்பா பாடினாரா?" என்று கேட்டாள். வசுமதி தலையசைத்து மறுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் அவர் எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக் கொடுத்தாள். அறையிலிருந்து வந்த பத்மஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்குப் பயிற்சி இல்லையா?"

"இனிமே வேண்டாம்."

"அப்போ அப்பா எப்படிம்மா பேசுவார்?"

"பேச மாட்டார்டி," என்றாள் வசுமதி. அவர் வாயோரம் வழிந்த காபியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.