ஐந்தாம் கூண்டு

நாகர்கோவில் பக்கத்து மருந்தியல் கல்லூரி ஒன்றில் ஸ்டெனியின் முதுகலை ஆய்வுக்காக முப்பது எலிகள் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தன. அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கூண்டுக்கு ஆறாக ஐந்து கூண்டு. காசநோய் மாத்திரை ஈரலைக் கெடுக்கும்போது, கீழாநெல்லியிலிருந்து பிரித்தெடுத்த ஃபிளேவனாய்டு என்னும் சத்து அதைக் காப்பாற்றுமா என்பது கேள்வி.

முதல் மூன்று கூண்டும் ஒப்பிட்டுப் பார்க்க. நான்காம் கூண்டுக்குப் பதினான்கு நாள் கீழாநெல்லிச் சத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே மாத்திரையை அளவுமீறிக் கொடுத்தான். ஈரலெல்லாம் புதுசு போல இருந்தன. ஐந்தாம் கூண்டுக்கு முதலில் மாத்திரை. ஈரல் கெட்ட பிறகு, மாத்திரையை நிறுத்தாமலே சத்து. ஆறில் நான்கு செத்தன.

வழிகாட்டிப் பேராசிரியர் தேவகுமார் அட்டவணையைப் பார்த்தார்.

"அஞ்சாவதை எடுத்திருடே."

"நாலு செத்திருக்கே சார்?"

"வேற காரணம் இருக்கும்."

"என்ன காரணம் சார்?"

"மனக்கஷ்டமா இருக்கும். கூண்டுக்குள்ள கிடக்குல்லா?"

ஸ்டெனி சிரித்தான். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. ஐந்தாம் கூண்டின் அட்டவணையை அழிக்க ஒரு விசையைத் தட்டினால் போதுமாக இருந்தது. தட்டினான்.

அடுத்த வாரம் நாளிதழில் செய்தி வந்தது. 'மாத்திரை கெடுக்கும் ஈரலை மூலிகை காக்கும்: குமரி பேராசிரியர் சாதனை.' படத்தில் தேவகுமார் ஒரு வெள்ளெலியைப் பார்த்துப் புன்னகைத்தார். எலியைப் பிடித்திருந்த கை ஸ்டெனியுடையது. முழங்கைக்கு மேல் அவனை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் கொட்டாரத்தில் மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் அவன் அப்பா செல்வதாஸ், முழங்கைத் தழும்பை வைத்தே மகனைக் கண்டுபிடித்துவிட்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் காட்டினார்.

செல்வதாஸ் இரண்டு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாளும் விடக்கூடாது என்று சுகாதாரப் பணியாளர் சொல்லியிருந்தார். கண் மஞ்சளித்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதியை மட்டும் செல்வதாஸ் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கண் மஞ்சளித்தபோது அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகன் கல்லூரி கண்டுபிடித்த மருந்து வயல் வரப்பிலேயே முளைத்துக் கிடக்கும்போது எதற்குப் போகவேண்டும்? காலையில் மாத்திரை, பிறகு மோரில் அரைத்த கீழாநெல்லி. பன்னிரண்டு நாள் வாந்தியும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் இரண்டையும் விழுங்கினார்.

வடசேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஸ்டெனிக்கு அம்மா நேசம்மாளிடமிருந்து போன் வந்தது.

"மக்களே, அப்பா ஆளு தெரியாம பேசுகாவ. என்னைய ராஜமணின்னு விளிக்காவ."

ராஜமணி, அப்பாவின் செத்துப்போன தம்பி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிஷா கத்தினார். "மஞ்சள் வந்த அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு இங்க வந்திருக்கணும். நாங்க வேற மருந்து மாத்தியிருப்போம். கீழாநெல்லி போதும்னு எந்த முட்டாள் சொன்னான்?"

நேசம்மாள் பர்ஸிலிருந்து நாளிதழ்த் துண்டை எடுத்து நீட்டினாள். ஸ்டெனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையை நன்றாகத்தான் துடைத்திருந்தார்கள்.

நான்காம் நாள் செல்வதாஸுக்கு நினைவு தெளிந்தது. கண் இன்னும் மஞ்சள்தான். மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், ஈரல் தேறுமா என்பதை இன்னும் ஒரு வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். செல்வதாஸ் அதற்குள் பக்கத்துக் கட்டில் ஆன்ட்ரூஸிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

"உமக்கும் மஞ்சளா வேய்? பைக்குள்ள சாறு இருக்கு. எம் மவன் காலேஜு மருந்தாக்கும். குடியும்."

ஸ்டெனி குப்பியைப் பிடுங்கினான்.

"அது கேக்காதுப்பா."

"யாருலே சொன்னா?"

"ஈரல் கெட்ட பொறவு குடுத்தா கேக்காது. நாலு எலி செத்துச்சு."

"எப்பம்?"

"பேப்பர்ல வாறதுக்கு முன்ன."

செல்வதாஸ் மகனையே பார்த்தார்.

"அப்பம் தெரிஞ்சுக்கிட்டுதான் வாயப் பொத்திட்டு இருந்தியாலே?"

"ஆமா."

"ஓடாத மிக்சிய ஓடும்னு சொல்லி ஒருத்தன் கையில நான் குடுத்திருக்கேனாலே? இருவத்தாறு வருசத்துல? சவத்துப் பயலே, எம் மூஞ்சியில முழிக்காத. போ!"

ஸ்டெனி நேராகக் கல்லூரிக்குப் போனான். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் பார்த்து ஐந்தாம் கூண்டின் கணக்கை மறுபடி தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குள் நுழைந்தான். விஷயம் அதற்குள் தேவகுமார் காதுக்கும் எட்டியிருந்தது. எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"அப்பாவுக்கு எப்படிடே இருக்கு? சாறு மஞ்சளுக்கு முன்ன குடிச்சாரா, பொறவா?"

"பொறவு."

"அதான். அது நம்ம ஆய்வு முறையிலயே இல்லியே."

"இருந்துச்சு சார்." ஸ்டெனியின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "நீங்க எடுக்கச் சொன்னீங்க. நாய் மாதிரி நானும் எடுத்தேன். இப்பம் திரும்பப் போட்டிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

ஐந்தாம் கூண்டின் அட்டவணையை மேசையில் வைத்தான். தேவகுமார் அதைத் தொடவில்லை.

"இந்த வருசம் பட்டம் கிடைக்காது, பாத்துக்க."

"வேண்டாம். எங்கப்பன் ஈரலைத் திருப்பிக் குடுங்க. அது முடியுமா?"

அறைக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேவகுமார் கதவைச் சாத்தச் சொன்னார். ஸ்டெனி அட்டவணையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தே போட்டுவிட்டு வந்தான்.

மாலையில் அவன் வார்டுக்குத் திரும்பினான். மொத்தம் பதினான்கு கட்டில். குனிந்து பார்த்தான். ஐந்து கட்டிலுக்கு அடியில் பச்சைச் சாற்றுக் குப்பி. அவ்வளவு பேரும் நாளிதழ் வாசிக்கிறவர்கள். முதல் கட்டிலருகே போய் நின்று அட்டவணையை வாசிக்கத் தொடங்கினான். எத்தனை எலி, எந்த நாள் எது செத்தது, அதை மறைத்தது யார் யார். தன் பெயரையும் சொன்னான்.

"போதும் தம்பி, அசுகக்காரங்க கிடக்கிற இடம்" என்றாள் ஆன்ட்ரூஸின் மனைவி.

செல்வதாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். மகனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சத்தமா வாசிலே" என்றார். "அந்தக் கடைசிக் கட்டிலுகாரனுக்குக் காது கேக்காது."