இடுப்பில் கட்டிய மிதவை

சுதர்ஷினிக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவளைத் தவிர. கல்யாணமாகி யாழ்ப்பாணம் போன முதல் நாளே கணவனின் தங்கை கேசினி, தோட்டத்து ஆட்களுக்குத் தண்ணீரென்றாலே பயமாமே என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆற்றில் நான் நீந்தாத நாளே இல்லை என்று ஒரு போடு போட்டாள். அந்த ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது.

ரோஷத்தில் சொன்ன பொய்க்குக் கால் முளைத்துப் பதுளைக் கடைத்தெரு வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் யோகம்மா, கேசினி, கணவன் ஆரூரன் எல்லோரோடும் சேர்ந்து திருகோணமலைக்குப் பயணம். அங்கே புறாத்தீவில் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தபடி பவளப்பாறை பார்ப்பதாக ஏற்பாடு. மிதவை வாங்கத்தான் ஆரூரன் தான் வேலை பார்க்கும் பதுளை அரசாங்கக் கச்சேரியில் அரைநாள் லீவு போட்டு அவளை அழைத்து வந்திருந்தான்.

கடைக்கார அலவி மூன்று விதம் எடுத்துப் போட்டார். கழுத்துப்பட்டை வைத்த தடித்த ஜாக்கெட், வாயால் ஊதிக்கொள்ளும் மெல்லிய சட்டை, கட்டை கட்டையாக மிதவை கோத்த பெல்ட். சுதர்ஷினியின் மனம் தடித்த ஜாக்கெட்டின் மேல் விழுந்தது. கையும் நீண்டுவிட்டது.

"உமக்கு ஏன் அது? நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கு இந்தப் பெல்ட்டே கூட" என்று சொல்லி ஆரூரன் கடைக்காரரைப் பெருமையாகப் பார்த்தான். தனக்கு நெஞ்சில் குளிர் ஏறக்கூடாது என்று சொல்லி, இருந்த ஒரே தடித்த ஜாக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவள் வாயை மூடிக்கொண்டு பெல்ட்டை வாங்கினாள்.

விதி அதோடு விடவில்லை. ஹாலிஎலயில் தெரிந்தவருடைய விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறது, போகிற வழியில் போட்டுப் பார்க்கலாம் என்றான் ஆரூரன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

குளக்கரையில் நின்று பெல்ட்டைக் கட்டியது அவள் கைதான். ஆனால் கட்டிய விதம் அம்மாவுடையது. கொழுந்து பறிக்கப் போகும்போது அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிற மாதிரியே, வயிற்றுக்குக் கீழே இறக்கி, மூச்சைப் பிடித்து இறுக்கி, கொக்கியை நம்பாமல் நாடாவை ரெட்டை முடிச்சாகப் போட்டாள். நாலு படி இறங்கினாள். கால் தரையை விட்டதும் பெல்ட் இடுப்பைத் தூக்கியது. கால் மேலே போனது, தலை உள்ளே போனது. முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் முடிச்சு, அவிழுமா? ஒருமுறை முகம் மேலே வந்தபோது ஆரூரன் கரையிலேயே நின்று கையை நீட்டிக் கத்துவது தெரிந்தது. அவன் குதிக்கவில்லை. குளம் துப்புரவு செய்கிற மாடசாமிதான் குதித்து அவளை இழுத்துப் போட்டார்.

இருமி முடித்ததும் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது.

"நான் முங்குறேன், நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

ஆரூரன் தலை குனிந்தான்.

"எனக்கு நீந்தத் தெரியாது. உமக்குத் தெரியுமெண்டபடியாச் சொல்ல வெக்கமா இருந்தது. மருமகள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொள்ளுவா எண்டுதான் அம்மாவும் என்னைக் கடலில இறங்க விட்டவ."

தன் உயிர் மட்டும் என்றால் சுதர்ஷினி ஞாயிறு வரைக்கும் அந்தப் பொய்யை இழுத்துக்கொண்டே போயிருப்பாள், பாழாய்ப்போன ரோஷம் அப்படி. ஒரு தாய் தன் மகனையும் அந்தப் பொய்யின் மேல் ஏற்றி வைத்திருப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை. அவனிடம் ஃபோனை வாங்கினாள். ஈரக் கையோடு மாமியாரை அழைத்தாள்.

"மாமி, எனக்கு நீந்தத் தெரியாது. அன்னைக்கி பொய் சொல்லிட்டேன். என்னை நம்பி இவரை அனுப்பாதீங்க."

 அந்தப் பக்கம் கேசினி சிரிப்பது கேட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். ஆரூரன் பக்கத்தில் குந்தி முடிச்சோடு மல்லுக்கட்டினான், அது அசையவில்லை. சுதர்ஷினி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே மாடசாமியிடம் ஒரு கத்தி கேட்டாள்.